புளிப்பின் அளவு

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர், புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்பர். அவ்வூரை அடுத்த வல்லம் வட்டாரத்துப் புளிக்கும், தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கும் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். 1769இல் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே, திராட்சை மது வைத்த பீப்பாய்களில் படியும் உப்பிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார்.

பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்கொடியை வளர்ப்போர் எதிர்கொள்ளும் வினா, கொத்தை என்று வெட்டுவது என்பதே. கருநீல நிறம் முதலில் வந்துவிடும்; புளிப்பு இறங்கப் பின்னும் நாளாகும். நாவை நம்பினால், மிகுந்துள்ள சர்க்கரை புளிப்பை மறைத்துவிடும். எனவே அளந்தறிதல் வேண்டும்.

மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் செய்யும் தரம்பார்த்தலே இதற்குப் போதும். வடிகட்டிய சாறு 10 மி.லி. எடுத்து, காய்ச்சி ஆற்றிய நீர் கலந்து, பினாப்தலீன் சில துளிகள் இட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அக்கரைசலின் 1 மி.லி., 0.0075 கிராம் டார்டாரிக் அமிலத்தை நடுநிலையாக்கும். 8 மி.லி. செலவானால் சாற்றில் 0.06 கிராம், அதாவது லிட்டருக்கு 6 கிராம். கருந்திராட்சைச் சாற்றில் இளஞ்சிவப்பு தோன்றுவது கண்ணுக்குப் புலப்படாது, அங்கே பி.எச். மானி 8.2 காட்டும்போது நிறுத்துவர். மதுவாயின், கரைந்துள்ள கரியமில வாயுவை முன்னரே நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அதுவும் அமிலக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இவ்வெண் மொத்தத்தையே சொல்லும். எந்த அமிலம் எவ்வளவு என்று சொல்லாது. திராட்சையில் மாலிக் அமிலமும் உண்டு. காய் பழுக்கும்போது, வெப்பம் மிகுந்த இடங்களில் விரைவாக, அது சுவாசத்தில் செலவாகும். டார்டாரிக் அமிலம் அவ்வாறு எளிதில் செலவாவதில்லை. மது நொதித்தபின், பாக்டீரியாக்கள் எஞ்சிய மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும். மது கெடத் தொடங்கினாலோ அசிட்டிக் அமிலம் பெருகும். எளிதில் ஆவியாகும் இதனை நீராவியால் வடித்துத் தனியே அளப்பர்.

ஏனையவற்றை இனங்காணத் தாள் வண்ணப்பிரிகை முறை உதவும். உலர்ந்த தாளின் நீலப்பச்சைப் பரப்பில் அமிலங்கள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும்: கீழே டார்டாரிக், அதற்கு மேலே மாலிக், இன்னும் மேலே லாக்டிக். மாலிக்கின் புள்ளி மறைந்துபோனால், அம்மாற்றம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்று மது வடிப்போர் கொள்வர்.