நோவை அளக்கும் கோல்: பித்தப்பைச் சத்திரசிகிச்சையும் ஊவாத் தோட்டத் தொழிலாளரும்

நோவு தனிமனித அனுபவம் என்றே பொதுவிற் கொள்ளப்படுகின்றது. ஆயின், அதனை அளக்கும் முறையும் அவ்வளவீட்டின் பயனை அடைவோரும் சமூக உறவுகளால் நிர்ணயிக்கப்படுவதை நாம் மறந்துவிடலாகாது. பித்தப்பையை நுண்துளை வழியே அகற்றும் முறைகளை ஒப்புநோக்கும் ஆய்வுகள் இதற்குத் தக்க சான்றாகும். இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையுட் புகுவதற்கும் காரணம் உண்டு. நோவு முதலில் சொல்லாகவே வைத்தியரை வந்தடைகின்றது.

பித்தப்பை முதன்முதலில் 1882இல் பேர்லினில் கார்ல் லங்கன்பூக் என்பவரால் அகற்றப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் வயிற்றை அகலத் திறப்பதே வழக்காயிருந்தது. 1985இல் ஜேர்மனியின் எரிக் மூஹெயும், 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரேயும் நுண்துளை முறையைக் கையாண்டனர். மூஹெயின் பணியை அந்நாட்டுச் சத்திரவைத்திய உலகம் முதலிற் புறக்கணித்துப் பின்னரே ஏற்றது.

நுண்துளைச் சிகிச்சையின் பின் எழும் நோவு ஒன்றன்று, மூன்று. வயிற்றுச் சுவரிலுள்ள துளைகளின் நோவு முதலாவது. பித்தப்பை இருந்த இடத்தில் எழும் உள்ளுறுப்பு நோவு இரண்டாவது. மூன்றாவது தோள்பட்டை நோவு. வயிற்றை உப்பச்செய்யச் செலுத்தப்படும் காபனீரொட்சைட்டு வாயு பிரிமென்றகட்டை உறுத்துகின்றது. அதன் நரம்பு கழுத்துப் பகுதியில் தோன்றுவதால் நோவு தோளிலே உணரப்படுகின்றது.

வழக்கமான முறையில் நான்கு துளைகள் இடப்படும். அவற்றுட் சில 10 மில்லிமீற்றரும் ஏனையவை 5 மில்லிமீற்றரும் அகலமுடையன. 2 அல்லது 3 மில்லிமீற்றர்க் கருவிகளைப் பயன்படுத்தும் முறை நோவைச் சற்றே குறைக்கின்றது. தொப்புளில் ஒரே துளையிடும் முறை தழும்பை மறைக்கின்றதாயினும், நோவு குறைவதாக ஆய்வுகள் ஒருமுகமாகக் கூறவில்லை. அவ்விடத்திற் குடலிறக்கம் ஏற்படும் வாய்ப்போ கூடுதலாகும். மாறாக, வாயு அழுத்தத்தை வழமையான 12 - 15 மில்லிமீற்றர் இரசத்திலிருந்து குறைத்தல், இறுதியில் எஞ்சிய வாயுவை முற்றாக வெளியேற்றுதல், துளைகளில் விறைப்பு மருந்தேற்றுதல் ஆகிய எளிய நடவடிக்கைகள் நோவைத் தணிக்கின்றன. விலையுயர்ந்த கருவியே நோவைத் தணிக்கும் என்ற சந்தை நம்பிக்கை இங்கு ஆட்டங்காண்கின்றது.

இவ்விடத்தில் பிரித்தானியாவின் ஷெபீல்ட் நகரில் நடைபெற்று 1996இல் வெளியான ஆய்வொன்று மனங்கொள்ளத்தக்கது. நோயாளர் 200 பேரில் ஒரு சாராருக்கு நுண்துளை முறையும், மற்றொரு சாராருக்குச் சிறுவெட்டு முறையும் கையாளப்பட்டன. எவருக்கு எம்முறை என்பது புலனாகாதவாறு யாவருக்கும் ஒரே வகைக் கட்டு இடப்பட்டது. மருத்துவமனையில் தங்கிய நாட்களிலோ தேறிய காலத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. புதிய முறை மேலானது என்ற எதிர்பார்ப்பும் முடிவுகளிற் புகுந்துவிடக்கூடும் என்பதை அக்கட்டுகள் உணர்த்தின.

இனி ஊவாவை நோக்குவோம். இத்தகைய ஆய்வுகளில் நோயாளர் 10 சென்ரிமீற்றர்க் கோடொன்றில் தம் நோவைக் குறிப்பர். எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினர் என்பதும் கணக்கிடப்படும். ஆயின் 'வேலை' என்பது யாது? மேசைமுன் அமர்தலும், மடுல்சீமைச் சரிவில் தலையிற் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமந்தேறுதலும், மொனராகலை றப்பர்த் தோட்டத்திற் பால் வாளி தூக்குதலும் ஒன்றாகா. தொப்புள் துளையின் குடலிறக்க வாய்ப்பு பாரம் சுமப்பவளுக்கு வெறும் புள்ளிவிபரமன்று. நாட்சம்பளக்காரிக்குப் பேர் விழாத ஒவ்வொரு நாளும் அடுப்பைத் தொடும் இழப்பாகும். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் என்னும் ஒழுங்கு, உடல் தேறுமுன்பே அவளை மலைக்கு அனுப்புகின்றது. அவள் விரைந்து வேலைக்குத் திரும்பியதை நோவு தணிந்தமைக்குச் சான்றாகக் கொள்வோமாயின், வறுமையையே ஆரோக்கியமெனப் பதிந்தவராவோம்.

தோள் நோவைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆண்டுக்கணக்கிற் கூடை சுமந்தவளின் தோள் ஏற்கெனவே நோவுற்றதே. வாயுவால் எழுவதென எவரும் விளக்காவிடின், அவள் அதனைக் கூடையின் நோவென்றே எண்ணிப் பொறுத்துக்கொள்வாள். குத்து, கடுப்பு, எரிவு, உளைவு, குடைச்சல் எனத் தமிழ் நோவை நுணுக்கமாக வேறுபடுத்துகின்றது. பரிசோதிப்பவர் அம்மொழியை அறியாதவராயின், இவ்வளவும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும். 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை நோயாளர் விடுதியின் கட்டிலருகே நடைமுறையாக வேண்டும்.

இலங்கையில் அரச மருத்துவம் இலவசமானது. அது மக்கள் பெற்ற பெரும் பேறு. ஆயின் சிகிச்சை இலவசமாயினும் ஓய்வு இலவசமாவதில்லை. எம்முறை குறைந்த நோவைத் தரும் என்ற வினாவுடன், தேறுவதற்கான நாட்களுக்கு யார் கூலி தருவார் என்ற வினாவும் ஆய்வில் இடம்பெறவேண்டும். சம்பளத்துடனான ஓய்வும், பாரமற்ற மாற்றுவேலையும், தாய்மொழி விளக்கமும் சத்திரசிகிச்சையின் புறத்தேயுள்ளனவல்ல. அதன் பிரிக்கவியலாக் கூறுகளே எனலாம்.