தொடர்பு இல்லாத வேளையிலும் ஓடர் போய்ச் சேர வேண்டுமா?

மூதூரில் இருந்து திருகோணமலைப் பட்டணத்து மொத்த வியாபாரிக்குச் சாமான் ஓடர் கொடுப்பது ஒரு காலத்தில் எப்படி நடந்தது? லோஞ்ச் ஏறும் ஒருவர் கையில் சிட்டையைக் கொடுத்து அனுப்புவார்கள். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை தரைவழிப் பயணமும் பாதைக்குக் காத்திருக்கும் பயணமாகவே இருந்தது. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் உள்ள கட்டைபறிச்சானில் கடை வைத்திருப்பவருக்கு இது புதிய செய்தியல்ல.

இந்தச் சிட்டை முறையையே கணனி உலகமும் பயன்படுத்தியது. சேர்த்து வை, நேரம் வந்ததும் ஒன்றாக அனுப்பு என்பதே அதன் அடிப்படை.

புலட்டின் போட் என்றால் என்ன?

1978இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சன், ரண்டி சூஸ் என்ற இருவர் முதலாவது கணனி அறிவிப்புப் பலகையை இயக்கினர. தொலைபேசியில் மொடெம் மூலம் அழைத்து, அதில் செய்தியை எழுதி வைக்கலாம். மற்றவர் எழுதியதைப் படிக்கலாம். ஆனால் தொலைதூர அழைப்பு என்றால் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் ஏறும்.

1984இல் டொம் ஜெனிங்ஸ் உருவாக்கிய பிடோநெட் இதற்கு வழி கண்டது. பகல் முழுவதும் சேர்ந்த மடல்களைக் கணனியே பொதி கட்டி வைக்கும். தொலைபேசிக் கட்டணம் குறைந்த இரவு வேளையில் அடுத்த கணனியைத் தானே அழைத்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளும். அதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அந்நேரத்தில் மனிதர் யாரும் உள்ளே வர முடியாது. விழித்திருந்து பொத்தானை அழுத்தவும் ஆள் தேவையில்லை.

இதன் இலாபத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயிரம் எழுத்துள்ள ஓர் ஆங்கிலக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யப் பல நிமிடங்கள் ஆகும். 2400 வேக மொடெம் அதை நான்கைந்து வினாடிகளில் அனுப்பிவிடும். தொடர்பில்லாமல் எழுதி, தொடர்பு கிடைத்ததும் அனுப்பினால் செலவு வினாடிகளுக்கு மட்டுமே.

நமது நாட்டிலும் 1990இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய லேர்ன் மெயில் இவ்வாறே இயங்கியது. நிரந்தர இணைய இணைப்பு இல்லாத அக்காலத்தில், சேர்த்து வைத்த மின்னஞ்சல்கள் தொலைபேசி வழியே பரிமாறப்பட்டன. 2003இல் கம்போடியாவின் ரத்தனகிரி மாகாணக் கிராமங்களில் தொலைபேசிக் கம்பியும் இல்லை. அங்கே மோட்டார் சைக்கிளில் பொருத்திய வைபை பெட்டி கிராமப் பள்ளிகளின் மடல்களை ஏற்றிச் சென்றது.

வியாபாரிக்கு என்ன பாடம்?

கம்பனி ரெப்மார் கையில் இருக்கும் டெப் கருவிகள் பலவும் இன்று இப்படித்தான் வேலை செய்கின்றன. சிக்னல் இல்லாத இடத்தில் ஓடரைப் பதிந்துகொண்டு, சிக்னல் வந்ததும் அலுவலகத்துக்கு அனுப்புகின்றன. வட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பும் சிறு வியாபாரியும் அந்த ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, ஒவ்வொரு ஓடருக்கும் தொடர் இலக்கம் இடுங்கள். பதில் வரவில்லையென்று மீண்டும் அனுப்பினால் அதே இலக்கத்திலேயே அனுப்புங்கள். இல்லாவிட்டால் பத்து மூடை சீனி இருபதாக வந்து இறங்கும். பிடோநெட்டின் குழு மடல்களிலும், எந்தெந்த நிலையங்கள் அதை ஏற்கெனவே கண்டன என்ற பட்டியல் கூடவே பயணித்தது.

இரண்டாவது, பெற்றுக்கொண்டதாகப் பதில் வரும் வரை பிரதியை அழிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி அடையாளம் என்றால் செய்தி உங்கள் தொலைபேசியை விட்டுப் போய்விட்டது; இரட்டை என்றால் அவருடைய தொலைபேசியை அடைந்துவிட்டது. ஓடரை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இரண்டுமே அத்தாட்சியல்ல. இலக்கத்தைக் குறிப்பிட்டு அவர் அனுப்பும் பதிலே அத்தாட்சி.

மூன்றாவது, நேரத்தைத் தீர்மானியுங்கள். நாளுக்கு நாற்பது செய்தி அனுப்புவதை விட, மஃரிபுக்குப் பின் ஒரே பட்டியலாக அனுப்புவது இரு தரப்புக்கும் இலகு.

கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. கடனுக்குச் சரக்கு எடுக்கும் நம் வியாபாரிகளுக்கு இலக்கமிட்ட ஓடரும் அதற்கான பதிலும் வெறும் தொழில்நுட்ப வசதி மட்டுமல்ல. நாளை ஒரு பிணக்கு எழுந்தால், இரு தரப்பினரின் அமானிதத்தையும் காப்பது அந்தப் பதிவுதான்.