பேராயர் அடித்த வெள்ளிக்காசு: வாங்கும் முன் விளிம்பைப் பாருங்க

போன எபிசோடுக்குப் பிறகு பலர் கேட்டது ஒரே கேள்வி: "சர்ச் பேராயர் எப்படிங்க காசு அடிப்பார்?"

புனித ரோமப் பேரரசில் சில பேராயர்கள் மதத் தலைவர்கள் மட்டும் இல்லை. சொந்த நாடு, வரி, நாணயச்சாலை எல்லாம் வைத்திருந்த ஆட்சியாளர்கள். அதனால்தான் இளவரசப் பேராயர் என்கிறோம். அவர்களில் நான் சேகரிப்பது சால்ஸ்பர்க் பேராயர் பாரிஸ் லோட்ரோன் வெளியிட்ட தாலர்களை. 1619 முதல் 1653 வரை ஆண்டவர். முப்பதாண்டுப் போரில் தன் நாடு சிக்காமல் பார்த்துக்கொண்டவர்.

தாலர் என்பது பெரிய வெள்ளிக்காசு. அகலம் சுமார் 4 செ.மீ., எடை ஏறத்தாழ 28 கிராம். ஒரு பக்கம் குழந்தையோடு மரியாள். மறுபக்கம் புனித ரூபர்ட், கையில் உப்புப் பாத்திரத்தோடு. ஏன் உப்பு? பக்கத்து ஹாலைன் உப்புதான் அந்த நாட்டுக்குப் பணம் கொட்டியது.

இப்போ என் கதை. முதலில் வாங்கிய தாலர் கறுத்துப் போயிருந்தது. வீட்டு வெள்ளி விளக்கைத் தேய்க்கிற மாதிரி விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளன்னு ஆச்சு. கூடவே இரண்டு விஷயம் தெரிந்தது: முகப்பு முழுக்க மெல்லிய கீறல்கள், மரியாள் தலைக்கு நேர் மேலே, விளிம்பில் பற்றவைத்த தடம். மரியாள் உருவம் உள்ள தாலர்களைச் சங்கிலியில் கோத்து அணியும் வழக்கம் அந்தப் பக்கத்தில் உண்டு. வளையத்தை எடுத்துவிட்டாலும் வடு போகாது. கறுப்பு அதை மறைத்திருந்தது. காட்டிய வியாபாரி, கொடுத்த விலையில் பாதிகூடத் தேறாது என்றார்.

அதனால் இணையத்தில் வாங்கினால் விளிம்பின் படத்தையும் எடையையும் கேளுங்கள். நேரில் என்றால் லென்ஸ் வைத்து, காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் வழவழன்னு இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் காசு லேசாக வளைந்திருந்தால் பயப்படாதீங்க. வெள்ளித் தகட்டை இரண்டு உருளை அச்சுக்கு நடுவே விட்டு உருவம் பதித்து, பிறகு வட்டமாக வெட்டுவார்கள். அந்த வளைவு உருளை தந்தது.

கறுப்பை மட்டும் தொடாதீங்க. தேய்த்த பரப்பு திரும்ப வராது. என் காசை நான் விற்கவில்லை. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.