சாமியாட்டத்தின் இலக்கணம்

நாஞ்சில் நாட்டு அம்மன் கோயிலில் கொடைவிழா. பந்தலில் வீசுகோல் விழ விழ வில்லின் மணிகள் குலுங்குகின்றன. குடமும் உடுக்கையும் வேகம் பிடிக்கின்றன. கொலையுண்டு தெய்வமானவரின் கதை, அவர் உயிர் பிரியும் கட்டத்தை எட்டுகிறது. அதுவரை அமைதியாக நின்ற, சாமியாடும் கோமரத்தாடியின் உடல் நடுங்குகிறது. அருள் வந்துவிட்டது! குமரி மாவட்ட வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கவனித்ததும் இதைத்தான். அருள் கண்ட நேரத்தில் வருவதில்லை. மரணம் பாடப்படும் இடத்தோடு அதற்கு நெருங்கிய உறவு உண்டு.

இதை நடிப்பென்று ஒதுக்கிவிட முடியாது. மனநல மருத்துவத்தில் இதற்கு 'விலகல் நிலை' என்று பெயர் சொல்லலாம். நினைவு, தன்னுணர்வு, உடலசைவு மூன்றும் வழக்கமான பிணைப்பிலிருந்து பிரிந்து நிற்கும் நிலை அது. பழகிய சாலையில் பைக்கில் வீடு வந்து சேர்கிறோம். வழியில் பார்த்தது எதுவும் நினைவில் இல்லை. அது இதன் மிக லேசான வடிவம்.

அந்த நிலைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருப்பதுதான் பெரிய வியப்பு. எந்தச் சாமி யார்மேல் வரும், எப்படிக் குறி சொல்லும், எப்போது மலையேறும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறிய பாடம் அது.

அதே ஆட்டம் கொடையில்லாத நாளில், அடுக்களையில் நிற்கும் மருமகளுக்கு வந்தால் பேய் பிடித்தது என்கிறோம். சொல்ல முடியாத துயரத்தைப் பல நேரம் அந்தப் பேய்தான் வாய்விட்டுச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியல் இங்கே நுட்பமாகக் கோடு கிழிக்கிறது. விருப்பமின்றி வந்து, சடங்குக்கு வெளியே அன்றாட வாழ்வைக் குலைத்தால் மட்டுமே அது நோய். கோமரத்தாடி நோயாளி அல்லர்.

இப்படி ஒரு பண்பாட்டின் அச்சில் வார்க்கப்படும் மனத்துயர்கள் உலகெங்கும் உண்டு. ஹாங்காங் மருத்துவர் பாவ் மெங் யாப் 1960-களில் இவற்றுக்குப் 'பண்பாடு சார்ந்த நோய்த்தொகுதி' என்ற வகையை வகுத்தார். கம்போடியர் உடலுக்குள் காற்று மேலேறிக் கழுத்து நரம்பை வெடிக்கச் செய்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். ஜப்பானில் சிலருக்குத் தங்கள் பார்வையோ உடல் நாற்றமோ அடுத்தவரை வருத்திவிடும் என்ற பயம். நம் நாட்டு இளைஞர்கள் பலர் விந்து வெளியேறினால் உடல் உருகிப்போகும் என்று சோர்ந்து மருத்துவரிடம் வருகிறார்கள். இந்தத் 'தாது நோய்'க்கு 1960-இல் மருத்துவ அடையாளம் தந்தவர் என்.என்.விக்.

நம்பிக்கை எவ்வளவு வேகமாகப் பரவும்? 1967-இல் சிங்கப்பூரில், தடுப்பூசி போட்ட பன்றியின் இறைச்சியைத் தின்றால் ஆணுறுப்பு உள்ளே சுருங்கி உயிர் போய்விடும் என்று வதந்தி கிளம்பியது. 469 பேர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. மருத்துவர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உண்மையை விளக்கியதும் நோய் அடங்கியது.

வெளிநாட்டு நோயும் குடியேறும். ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. மெலிய வேண்டி உண்டதை வாந்தியெடுக்கும் வழக்கம் அப்போது ஆய்வுசெய்த பள்ளி மாணவிகளில் ஒருவரிடமும் இல்லை. 1998-இல் 11.3 சதவீதத்தினரிடம் இருந்தது.

நோய்க்கு அச்சு தரும் பண்பாடு, ஆறுதலும் தருகிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்த கட்டுரை 2002-இல் வெளியானது. பெரும்பாலோர் தீவிர மனநோயாளிகள். எளிய வழிபாடு, சிறு வேலைகள், உடனிருந்த உறவினர் இவ்வளவுதான்; மருந்து இல்லை. சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி அளவு சுமார் 20 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் அன்பான சூழலின் வலிமையைக் காட்டுகிறது. அன்பற்ற இடத்தில் நடப்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் பிணைத்திருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றிக் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்கிறது.

உங்கள் வீட்டில் ஒருவரின் நடையும் பேச்சும் மாறினால் கோயிலுக்குப் போங்கள், தவறில்லை. குமரி மாவட்டத்தில் இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அதே வாரத்தில் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.