எஞ்சின் ஒயிலுக்கு அளவான சூடு

ஊரில் உழுத நாம் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொறி, வான் ஓட்டிப் பிழைக்கிறோம். எஞ்சின் பழுதானால் வீட்டு வருமானமும் நின்றுவிடும்.

ஒயில் பொதுவாக 90 முதல் 110 பாகை செல்சியஸ் வரை சூடாக இருப்பதே நல்லது. சூடு மிகக் குறைந்தால், ஒயிலில் கலக்கும் நீரும் எரிபொருளும் ஆவியாகாமல் கசடு படியும். 130 பாகைக்கு மேல் நெடுநேரம் ஓடினால் ஒயில் விரைவில் கெட்டு, தேய்மானம் கூடும்.

சாரதிக்கு முன்னுள்ள வெப்பமானி பெரும்பாலும் காட்டுவது றேடியேற்றர்த் தண்ணீரின் சூட்டையே. ஒயில் சூடாக மேலும் சில நிமிடங்கள் செல்லும். ஆகவே முதற் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டுவோம். காலி வீதி நெரிசலில் குறுந்தூரமே ஓடும் வாகனத்துக்கு ஒயிலை முந்தியே மாற்றுவோம். கண்டிக்குப் பாரத்துடன் கடுகண்ணாவை ஏற்றம் ஏறி நின்றால், எஞ்சினைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டே நிறுத்துவோம்.