ஈரல் கிருமியின் வகைகளும் புற்றுநோய் அபாயமும்

நமது சங்க அங்கத்தினர்களிற் பலர் 'ஹெபடைடிஸ்' என்றவுடன் மஞ்சட்காமாலை என்றே பொருள் கொள்கின்றனர். ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள் பல உள. 'ஏ', 'ஈ' என்பவை அசுத்த நீராலும் உணவாலும் பரவிப் பெரும்பாலும் சில வாரங்களில் நீங்குவன. 'சி' என்பதோ இரத்தத்தின் வழியே பரவுவது. காமாலையைக் காட்டாமலே இருபது முப்பது ஆண்டுகள் உடலில் தங்க வல்லது. வட்டி ஏறுவது தெரியாமற் கிடக்கும் பழங்கடனுக்கு இதனை ஒப்பிடலாம்.

இக்கிருமி 1989-இல் அடையாளம் காணப்பட்டது. இது பற்றிய ஆராய்ச்சிக்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவரும் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர்.

புற்றுநோய் விளையும் விதம்

தொற்றுக்குள்ளான நூறு பேரில் ஏறத்தாழ முப்பது பேருக்கு ஆறு மாதங்களுக்குள் கிருமி தானே நீங்குகிறது, ஏனையோரிடம் நிலைத்துவிடுகிறது. நிலைத்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர் வரை இருபது ஆண்டுகளுக்குள் ஈரல் இறுகிச் சுருங்கும் நிலையை அடைகின்றனர். ஓயாத அழற்சியால் ஈரலின் உயிரணுக்கள் மடிவதும், புதியன தோன்றுவதும், இடையே தழும்பு படர்வதுமாக ஆண்டுகள் கழிகின்றன. இவ்வாறு இடைவிடாது புதுப்பிக்கையில் நேரும் பிழைகளே நாளடைவிற் புற்றாக மாறுகின்றன. ஈரல் இறுகியவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரை புற்றுநோய்க்கு ஆளாகின்றனர்.

வகைகள் யாவை?

நெல்லில் ரகங்கள் இருப்பதுபோல் இக்கிருமியிலும் எட்டு முக்கிய வகைகள் உள. அவை எண்களாற் குறிக்கப்பெறும். எட்டாம் வகை, கனடாவில் வாழும் பஞ்சாப் பகுதியைச் சேர்ந்த நோயாளிகளிடம் கண்டறியப்பட்டு 2018-இல் வெளியாயிற்று. எகிப்தில் நான்காம் வகையும், ஜப்பானில் '1-பி' என்னும் உள்வகையும், நம் நாட்டில் மூன்றாம் வகையும் மிகுதி.

இவை யாவும் ஒரே அளவு தீங்கு செய்வனவா? அமெரிக்காவில் ஒரு லட்சத்துப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, முதல் வகையினரைவிட மூன்றாம் வகையினருக்குப் புற்றுநோய் அபாயம் நூற்றுக்கு 80 பங்கு அதிகம். இவ்வகை ஈரலிற் கொழுப்பைச் சேர்க்கும் தன்மையுடையது என்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட மற்றொரு கணக்கு, '1-பி' உடையோர்க்கு அபாயம் மற்ற வகையினரினும் ஏறத்தாழ இரட்டிப்பு என்றது. ஆனால் இவ்வகை உடையோர் பலர் வயது முதிர்ந்தவர்கள். கிருமியை நெடுங்காலம் சுமந்தவர்கள். எனவே வகையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துக் காண்பது எளிதன்று.

ஆகவே நாம் கொள்ளவேண்டிய முடிவு யாது? வகை அபாயத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எவ்வகையும் தீங்கற்றதன்று. அதனோடு மதுப்பழக்கமும், நீரிழிவும், 'பி' கிருமியின் தொற்றும் சேருமாயின் அபாயம் பெருகும். ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதே வைத்தியர் முதலிற் கவனிப்பது.

தீரும் வியாதி

இன்றைய மாத்திரைகளால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமடைகின்றனர். பெரும்பாலோர்க்கு 12 வாரங்கள் போதும். எல்லா வகைகளையும் தாக்கவல்ல மருந்துகள் வந்துவிட்டமையால், வகையறியும் சோதனைக்காகச் சிகிச்சை காத்திருப்பதும் பெரும்பாலும் இல்லை. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி சர்க்கார் சிகிச்சை நிலையங்களிற் சோதனையும் மருந்தும் இலவசம். எகிப்து 2018-19-இல் ஏழு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து கோடி மக்களைச் சோதித்து, கண்டறிந்தோர்க்குச் சிகிச்சையளித்தது. ஒரு காலத்தில் நத்தை வழிப் பரவும் புழுநோய்க்கு ஊசிமருந்து போட்ட இயக்கத்தில், ஊசிகளைச் சரிவரச் சுத்தம் செய்யாததாலேயே அந்நாட்டில் இது பரவிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

குணமடைந்தபின் புற்றுநோய் அபாயம் பெரிதும் தணிகிறது. ஆயினும் ஈரல் முன்னமே இறுகியவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்துக்கொள்ளல் அவசியம்.

அங்கத்தினர் கடமை

இதற்குத் தடுப்பூசி இல்லை. புதிய ஊசியன்றி எவரும் ஊசி போட இடந்தரலாகாது. சவரக் கடையிற் புதிய பிளேடு கேட்பது குற்றமாகாது. முன்னாட்களில் இரத்தம் ஏற்றிக்கொண்டவரும், பச்சை குத்திக்கொண்டவரும், பலமுறை ஊசி போட்டுக்கொண்டவரும் ஒருமுறை இரத்தம் சோதிப்பது நன்று. முதற்சோதனை கிருமி ஒருகாலத்தில் உடலிற் புகுந்ததை மட்டுமே காட்டும். இப்போதும் உளதா என்பதை இரண்டாம் சோதனையே கூறும்.

உடன் உண்பதாலோ, பக்கத்துத் தறியில் அமர்ந்து நெய்வதாலோ, ஒரே வரப்பில் நடப்பதாலோ இது தொற்றாது. எனவே வியாதியுற்ற அங்கத்தினரை ஒதுக்குதல் அறியாமையாகும். அவர் அஞ்சி மறைப்பாராயின் நஷ்டம் அவர் குடும்பத்திற்கே. சங்கத்தின் மாதக் கூட்டங்களில் நிர்வாகக் குழுவினர் இதனை எடுத்துரைத்து, அருகிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரியுடன் கலந்து ஒருநாட் சோதனைக்கு ஏற்பாடு செய்வராயின், பலருடைய பழங்கடன் அசலோடு தீர வழி பிறக்கும்.