வங்கக் கடற்புயலும் காவிரிக்கரை மக்களும்

திருச்சியிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆதலால், "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வானொலி அறிவிக்கும்போது, அது கடற்கரையோரத்தார்க்கு உரிய செய்தி என்று எண்ணி நாம் செவிசாய்ப்பதில்லை. இவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதை 1977-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று.

அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறிற்று. அன்று காலை தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய உள்நாட்டு நகர்களிலேயே காற்று மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. பெருமழையால் ஆறுகளும் வாய்க்கால்களும் கரைபுரள, திருச்சி நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அப்புயலில் மாண்டோர் 560 பேர். வீடிழந்தோர் ஏறத்தாழ 10 இலட்சம் பேர்.

கடலில் பிறந்த புயல் நம் வாயிற்படிக்கு எவ்வாறு வருகிறது? கடல்நீரின் வெப்பம் 26 பாகைக்கு மேல் இருக்கும்போது எழும் நீராவியே புயலின் உணவு. நிலத்தை அடைந்ததும் அவ்வுணவு குறைகிறது. காற்றும் படிப்படியாகத் தளர்கிறது. ஆயினும் மேகங்கள் சுமந்து வந்த நீர் மழையாய்க் கொட்டியே தீரும். நாகையிலிருந்து திருச்சி வரை காற்றைத் தடுக்கும் மலைத்தொடர் ஏதுமில்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாய் அமைந்த திருவரங்கமோ இருபுறமும் ஆற்றை உடையது. காவிரியில் நீர் நிறைந்தோடும் வேளையில், தெற்கேயிருந்து வரும் கோரையாற்று வெள்ளமும் வடிய வழியின்றித் தேங்கிவிடுகிறது.

எனவே, வானிலை அறிவிப்பின் சொற்களை நாம் அறிந்திருத்தல் நன்று. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐ எட்டினால் புயல். 89-ஐ எட்டினால் தீவிரப் புயல். துறைமுகங்களில் ஏற்றப்படும் கூண்டுகள் 11 வகைப்படும். முதலாம் எண் தொலைவிலுள்ள தாழ்வு மண்டலத்தைக் குறிக்கும். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்பதோ எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்படும்.

இந்திய வானிலை ஆய்வுத்துறை நான்கு கட்டங்களாக எச்சரிக்கை விடுக்கிறது. முதல் மூன்றும் பெரும்பாலும் கரையோர மாவட்டங்களை நோக்கியவை. நான்காவது, புயல் கரையேறுவதற்கு ஏறத்தாழ 12 மணி நேரம் முன்னரே, உள்நாட்டு மாவட்டங்களில் விளையக்கூடியதைக் கூறுவது. நமக்கு உரியது இதுவே.

எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டாவிடில் நேரும் துயரை 2017-இல் ஒக்கிப் புயல் காட்டிற்று. நவம்பர் 30 அன்று அது புயலாய் உருவெடுத்தபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் நாட்கணக்கில் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய பங்குகளில் பல இல்லங்கள் தம் தலைவரை இழந்தன. பின்னர், 2019-இல், கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள படகுகளுக்கும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. 2018-இல் கஜா புயல் வருமுன் பல்லாயிரம் மக்கள் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தென்னைகள் வேரோடு சாய்ந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது, எனினும் முன்னறிவிப்பு இல்லாதிருப்பின் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் குடும்பங்கள் சில எளிய கடமைகளை மேற்கொள்ளலாம். நாள்தோறும் வானிலைச் செய்தியைக் கேட்போம். குடும்ப அட்டை, நிலப்பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர்புகாத உறையிலிட்டு உயரத்தில் வைப்போம். ஆற்றோரத்தில் தனித்து வாழும் முதியோர் யார் என்பதை அறிந்து, எச்சரிக்கை வந்த அன்றே, இருட்டுமுன், அவர்களை மேட்டுப்பகுதிக்கு அழைத்து வருவோம். வெள்ளம் சூழ்ந்த பின் தேடிச் செல்வது எளிதன்று.